உங்கள் நாக்குக்கு உரிய பீர் எது? வீட்டிலேயே சுவைத்தேர்வு நடத்த முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் கிராஃப்ட் பீர் (சிறிய அளவில், பல வகைகளாகக் காய்ச்சப்படும் பீர்) ஊற்றும் இடத்துக்கு முதன்முறை போகிறவர் பட்டியலைப் பார்த்துத் திகைத்து, பக்கத்து மேசையில் இருப்பதையே தனக்கும் கேட்டு வாங்குகிறார். அது பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதையே குடிக்கிறார். பிடிக்காவிட்டால் தனக்கு கிராஃப்ட் பீரே ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார். எப்படி முடிவு செய்தாலும் அதற்கு ஆதாரம் ஒரே ஒரு குவளைதான். அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் நண்பர்கள் வீடுகளில் பல மாலைகள் இந்தத் தேர்வை நடத்திப் பார்த்ததில், தன் ரசனை என்ன என்பதை ஒருவர் ஒப்பிட்டுத்தான் அறிய முடியும் என்பதும், ஒப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதும் எனக்கு உறுதியாகின. அந்த ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

இது ஏற்கெனவே அளவாகக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கானது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. 21 வயது நிரம்பாதவர்களையும், கருவுற்றவர்களையும், மதுவோடு சேரக் கூடாத மருந்து உட்கொள்பவர்களையும் அழைக்காதீர்கள்.

1. ஆட்களையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

நான்கு பேர் போதும். 330 மில்லி பாட்டிலை ஆளுக்கு 60 மில்லி வீதம் நான்கு பேருக்கு ஊற்றினால் 90 மில்லி மிஞ்சும். சந்தேகம் வரும்போது மறுபடி முகர்ந்து பார்க்க அது உதவும். ஆறு பேரைக் கூட்டினால் தேர்வு விருந்தாகிவிடுகிறது, யாரும் எதையும் எழுதுவதில்லை.

மாலை ஐந்து மணி நல்ல நேரம். மதியச் சாப்பாடு செரித்திருக்கும், ஆனால் பசி இருக்காது. வெறும் வயிற்றில் தொடங்கினால் மூன்றாவது குவளையிலேயே கவனம் கலைந்துவிடும். கடைசிக் காப்பியும் கடைசி வெற்றிலையும் ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கு ஆறு குவளை, குவளைக்கு 60 மில்லி என்றால் மொத்தம் 360 மில்லி, அதாவது சிறிய பாட்டில் ஒன்றைவிடச் சற்றே அதிகம். அளவு குறைவுதானே என்று வண்டியை எடுக்க வேண்டாம். நம் சட்டத்தில் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் மட்டுமே. வருகிறவர்கள் மெட்ரோவிலோ ஆட்டோவிலோ வரட்டும்.

2. ஒரு நாள் முன்பே வாங்கி வையுங்கள்

ஐந்து வகை தேவை: ஒரு லாகர் (தெளிவான, மென்மையான வகை), ஒரு கோதுமை பீர், ஒரு பேல் ஏல் (மிதமான கசப்புள்ள வகை), ஒரு ஸ்டவுட் (வறுத்த பார்லியில் செய்யும் கருப்பு பீர்), ஒரு ஐ.பி.ஏ (இந்தியா பேல் ஏல், கசப்பு மிகுந்த ஏல்). இவற்றில் லாகரை மட்டும் இரண்டு பாட்டில் வாங்குங்கள். காரணம் ஆறாம் பகுதியில் வரும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, பெயர் பிடித்திருக்கிறது என்று ஒரே வகையில் ஐந்து பாட்டில் வாங்கிவருவது. ஐந்து லாகர்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பழகாத நாக்கு பிடிக்காது. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற சலிப்புதான் மிஞ்சும். முதல் தேர்வில் வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும்.

லேபிளில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, தயாரித்த தேதி. ஐ.பி.ஏ-வின் உயிரே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் மணம்தான். அது நாள்பட நாள்பட மங்கும் என்பதால் கிடைப்பதில் புதியதை எடுங்கள். இரண்டாவது, ஆல்கஹால் அளவு. ஐந்தும் 4.5 முதல் 6.5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ‘ஸ்ட்ராங்’ என்று விற்கப்படுபவை 8 விழுக்காடு வரை போகும், அவற்றின் சூடு மற்ற நான்கையும் அமுக்கிவிடும். மூன்றாவது, பாட்டிலின் நிறம். கேனும் பழுப்பு பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சை, வெள்ளை பாட்டில்கள் அந்த அளவுக்குத் தடுக்காது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கெட்ட கந்தக வாடை உண்டாகும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கியிருப்பதை எடுக்காதீர்கள். குளிர்பெட்டியின் உள்வரிசையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வாங்கியதை நிமிர்த்தி நிற்க வைத்தே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கோதுமை பீரில் ஈஸ்ட் (பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) வண்டலாக இருக்கும்; படுக்க வைத்தால் அது பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு உறைபெட்டியில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

அக்டோபர் 2 போன்ற நாள்களிலும் தேர்தலை ஒட்டிய நாள்களிலும் கடை திறந்திருக்காது. தேதி குறிக்கும் முன்பு அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டின் வாசனையை முதலில் அடக்குங்கள்

எல்லோரும் அலட்சியம் செய்யும் படி இதுதான். நான் வருந்திக் கற்றதும் இதைத்தான். முதல் தேர்வை என் வீட்டில் வைத்த மாலை, அடுக்களையில் அம்மா சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார். நால்வரும் குறிப்பெழுதிய நான்கு தாள்களில் மூன்றில், ஒன்றுமறியாத லாகருக்கு நேரே ‘மசாலா வாசனை’ என்று எழுதியிருந்தது. அத்தனை நேர உழைப்பும் வீணானது.

ஆகவே தாளிப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். மல்லிகைப்பூ, அத்தர், சென்ட் எதுவும் அன்றைக்கு வேண்டாம். நம் வீட்டு மணங்கள் நமக்கே தெரியாத அளவுக்குப் பழகிப்போனவை என்பதால், வெளியிலிருந்து வரும் முதல் ஆளிடம் ‘வீட்டில் என்ன வாசனை வருகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே சொல்லிவிடுவார்.

அடுத்தது கண்ணாடிக் குவளை. மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மோராகவே இருக்கும்; கண்ணாடியைத்தான் பயன்படுத்த வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புப் படலமும் நுரையைக் கொன்றுவிடும். கழுவிய குவளையை நீரில் நனைத்து உள்பக்கத்தைப் பாருங்கள்: நீர் ஒரே தகடாக வழிந்தால் சுத்தம், துளித்துளியாக நின்றால் பிசுக்கு இருக்கிறது. சமையலறைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்து உலர விடுங்கள். அந்தத் துணியில் நேற்றைய வெங்காயம் இருக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடு என்றால் கடைசி அலசலை வடிகட்டிய தண்ணீரில் செய்யுங்கள்; வாய் கொப்பளிக்கவும் அதே தண்ணீர்தான்.

தொட்டுக்கொள்ள மிக்சரும் காரக் கடலையும் கூடாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் வாயுக்குமிழிகளும் மேலும் கூட்டும், நாக்கு அதிலிருந்து மீள வெகுநேரம் ஆகும். உப்பில்லாத பொரியும் வெறும் ரொட்டித் துண்டுமே போதுமானவை. சாப்பாட்டைத் தேர்வு முடிந்த பின் தாராளமாகப் போடுங்கள்.

4. அஞ்சறைப் பெட்டியிலிருந்து மணங்களை எடுத்து வையுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் நாக்கு அல்ல, சொல். மூக்குக்கு மணம் எட்டுகிறது. அதற்குப் பெயர் வராததால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெயர் வைக்காத மணம் அடுத்த குவளைக்குள் மறந்துவிடும். எனவே பாட்டிலைத் திறப்பதற்கு முன் சிறு கிண்ணங்களில் இவற்றை வைத்துக் கண்ணை மூடி முகர்ந்து பழகுங்கள்: இடித்த கிராம்பு, நன்கு பழுத்த வாழைப்பழம், கையால் கசக்கிய தனியா, ஆரஞ்சுத் தோல், வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டி, வெண்ணெய், ரொட்டியின் மேலோடு, தண்ணீரில் நனைத்த அட்டைப்பெட்டித் துண்டு.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஜெர்மன் முறைக் கோதுமை பீரில் வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் தருவது ஈஸ்ட்தான்; அதில் யாரும் பழமோ கிராம்போ சேர்ப்பதில்லை. பெல்ஜிய முறைக் கோதுமை பீரிலோ தனியாவும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்க்கப்படுகின்றன. ஸ்டவுட்டின் காப்பி மணம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. அட்டைப்பெட்டி எதற்கு என்பது எட்டாம் பகுதியில் தெரியும்.

கூடவே இரண்டு தம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும்: ஒன்றில் இரவெல்லாம் வெந்தயம் ஊறிய தண்ணீர், மற்றொன்றில் பாலும் சர்க்கரையும் இல்லாத, நெடுநேரம் கொதித்த தேயிலைச் சாறு. முதலாவது கசப்பு, இரண்டாவதில் கசப்போடு துவர்ப்பும் உண்டு. கசப்பு ஒரு சுவை. துவர்ப்போ வாயை உலர்த்தி, நாக்கைச் சுரண்டுவது போல உணரச் செய்வது. அறுசுவை என்று சிறு வயதிலிருந்தே ஒப்பிக்கும் நாம் கூட இவற்றைக் குழப்பிக்கொள்கிறோம். ‘ஐ.பி.ஏ கசக்கிறது, வேண்டாம்’ என்பவரில் சிலரை உண்மையில் உறுத்துவது அந்தத் துவர்ப்புதான் என்பதையும், வெந்தயக் கசப்பை அவர்கள் தயங்காமல் விழுங்குகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

காக்ஸ் டவுன் வீட்டில் ஒரு தோழி கோதுமை பீரை முகர்ந்துவிட்டு, “அண்ணா, இதில் பலாச்சுளை வாசனை வருகிறது. தப்பாகச் சொல்கிறேனா?” என்று தயங்கிக் கேட்டார். தப்பே இல்லை. வாழைப்பழ மணத்தைத் தரும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களின் உறவுக்காரப் பொருள்கள் பலாப்பழத்திலும் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத சொல் என்பதற்காக உங்கள் சொல்லை விட்டுவிடாதீர்கள். உங்கள் மூக்கு எந்த அடுக்களையில் வளர்ந்ததோ அந்தச் சொல்தான் அடுத்த மாதமும் உங்கள் நினைவில் இருக்கும்.

5. வெப்பநிலையைச் சரிசெய்யுங்கள்

மிகக் குளிர்ந்த நிலையில் மணம் எழும்பாது. லாகர் 5 பாகை செல்சியஸ் அளவில் நன்றாக இருக்கும். கோதுமை பீருக்கும் பேல் ஏலுக்கும் 7 முதல் 10. ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13. பெட்டியிலிருந்து லாகரை அப்படியே ஊற்றலாம். கோதுமை பீரை ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பும், ஏல்களைப் பதினைந்து நிமிடம் முன்பும், ஸ்டவுட்டை இருபத்தைந்து நிமிடம் முன்பும் வெளியே எடுத்து வைப்பது என் வழக்கம். இது நம் ஊர் மாலைக் காற்றுக்கு. ஏப்ரலில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டவுட்டைப் பனிக்கட்டிக் குளிரில் குடித்துவிட்டு ‘வெறும் கருப்புத் தண்ணீர்’ என்று ஒதுக்கியவர்கள் பலர்.

6. எண்ணிட்டு, மறைத்து, வரிசையாக ஊற்றுங்கள்

நால்வரில் ஒருவர் ஊற்றுபவர். அவருக்கு மட்டுமே வரிசை தெரியும். அவர் எழுதுவார், ஆனால் பேச மாட்டார். மற்றவர்கள் பாட்டிலைப் பார்க்கவே கூடாது. பெயரும் விலையும் தெரிந்தால் நாக்கு அவற்றுக்குத் தகுந்தாற்போல் சாட்சி சொல்லும். 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தபோது அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். படித்தவர்களுக்கே இந்த நிலை.

வரிசை இது: லாகர், கோதுமை பீர், மறுபடியும் அதே லாகர், பேல் ஏல், ஸ்டவுட், ஐ.பி.ஏ.

மென்மையானதிலிருந்து அழுத்தமானதற்குப் போவதே அடிப்படை விதி. பீரின் கசப்பை அளக்கும் ஐ.பி.யு என்ற அலகில் கோதுமை பீரின் கசப்பு பொதுவாக 8 முதல் 15; ஐ.பி.ஏ-வுக்கு அதுவே 40 முதல் 70. வரிசையை மாற்றிவிட்டால் பின்னால் வருவது சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும். தொடக்கத்தில் நானும் நிறத்தைப் பார்த்து ஸ்டவுட்டைக் கடைசியில் வைத்தேன். ஐ.பி.ஏ-வின் கசப்பு வாயில் தங்கிவிட்டதால் ஸ்டவுட்டின் காப்பி மணம் அடியோடு மறைந்துபோனது. கருப்பாக இருப்பதால் அது அழுத்தமானது என்று பொருளல்ல. ஹாப்ஸின் கசப்பே நீண்ட நேரம் தங்குகிறது.

லாகரை இரண்டு முறை வைப்பது உங்களை நீங்களே சோதிக்க. முதலாம் எண்ணுக்கு ஐந்தில் இரண்டும், மூன்றாம் எண்ணுக்கு ஐந்தில் நான்கும் கொடுத்திருந்தால், அன்றைய உங்கள் மதிப்பெண்களில் இரண்டு வரையிலான வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இது தெரியாமல் எத்தனை தேர்வு நடத்தினாலும் உங்கள் ரசனையைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோதுமை பீரை ஊற்றும்போது முதலில் மூன்றில் இரண்டு பங்கைப் பொதுக் குடுவை ஒன்றில் ஊற்றி, மீதியைப் பாட்டிலோடு மெல்லச் சுழற்றி வண்டலைக் கிளப்பி அதையும் சேர்த்து, பிறகு பங்கிடுங்கள். நேராகக் குவளைகளில் ஊற்றினால் முதல் ஆளுக்குத் தெளிவும் கடைசி ஆளுக்கு வண்டலும் போய், இருவரும் வேறு வேறு பானத்தைப் பற்றி எழுதுவார்கள்.

7. குடிக்கும் முறை

ஊற்றியதும் முதலில் மூக்கு. நுரை அடங்குவதற்குள் மூன்று சிறு முகர்வுகள். நீண்ட முகர்வு மூக்கைக் களைப்படையச் செய்யும். தோன்றிய முதல் சொல்லைத் தாளில் எழுதுங்கள். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் ‘மாம்பழம்’ என்று உரக்கச் சொல்லிவிட்டால் நான்கு தாளிலும் மாம்பழம்தான் இருக்கும்.

பிறகு ஒரு மிடறு. வாய் முழுதும் படும்படி இரண்டு வினாடி வைத்து, விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பெரும்பாலான ‘சுவை’ அந்த மூச்சில்தான் வருகிறது. நம்பாதவர்கள் கோதுமை பீரில் இதைச் செய்து பார்க்கலாம்: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள், இனிப்பும் லேசான புளிப்பும் குமிழிகளின் குத்தலும் மட்டும் தெரியும். விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். வாழைப்பழம் சட்டென்று வந்து நிற்கும்.

விழுங்கியபின் பத்து வினாடி பொறுங்கள். எது தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று குறியுங்கள். அடுத்த குவளைக்கு முன் ஒரு துண்டு ரொட்டி, இரண்டு வாய் தண்ணீர், ஐந்து நிமிட இடைவெளி.

தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் மணம், வாய்ச் சுவை, தங்கும் சுவை என்று மூன்று வரிகளும், ‘இன்னொரு முழுக் குவளை கேட்பேனா?’ என்ற ஒரே கேள்விக்கு ஐந்துக்குள் ஒரு மதிப்பெண்ணும் இருந்தால் போதும். ‘இது தரமானதா?’ என்ற கேள்வியைச் சேர்க்காதீர்கள். அது மற்றவர்களின் கருத்தை எண்ணிப் பார்க்கச் செய்துவிடும்.

8. பிடிக்காததையும் கெட்டுப்போனதையும் பிரித்தறியுங்கள்

ஒருவகை பீரே பிடிக்காது என்று எழுதும் முன், கையில் உள்ள பாட்டில் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் பழையது, காற்றுப் பட்டது. லாகரில் வெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டிருக்கிறார்கள். பச்சை ஆப்பிள் மணமும் பெரும்பாலும் அந்த அவசரத்தின் அடையாளமே. காடியைப் போலப் புளித்தால், புளிப்புக்கென்றே செய்த வகையாக இல்லாத வரை, கிருமி புகுந்திருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டிலுக்கு மதிப்பெண் போடாமல், அந்த வகையை வேறொரு நாள் வேறொரு பாட்டிலில் பாருங்கள்.

9. மூன்று குவளைச் சோதனை

இரண்டு பீருக்கு இடையே வேறுபாடு இருப்பதாக நீங்கள் அடித்துச் சொன்னால், அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மூன்று குவளைகளில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றொன்றையும் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வேறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், வெவ்வேறு நாள்களில் ஐந்தாறு முறை செய்தால்தான் முடிவை நம்பலாம். விலை உயர்ந்த லாகரையும் சாதாரண லாகரையும் வைத்து இதைச் செய்து பாருங்கள். நாக்குக்குத் தெரியாத வேறுபாட்டுக்குப் பணம் தர வேண்டாம்.

10. தாளைப் படித்து, அடுத்துக் கடையில் கேட்க வேண்டியது

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதைவிட, நான்கும் ஐந்தும் வாங்கிய குவளைகளுக்கு எதிரே திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தேடுங்கள். பழ மணங்களே வந்திருந்தால் உங்களுக்கு ஈஸ்ட் மணக்கும் கோதுமை வகைகளும், பழ மண ஹாப்ஸ் சேர்த்த பேல் ஏலும் பொருந்தும். கருப்பட்டி, ரொட்டி மேலோடு, காப்பி என்று வந்திருந்தால் நீங்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பக்கம். அம்பர் ஏல், போர்ட்டர், ஸ்டவுட் என்று போகலாம். தங்கும் கசப்பையே விரும்பி எழுதியிருந்தால் பில்ஸ்னரில் (கசப்புத் தூக்கலான லாகர்) தொடங்கி ஐ.பி.ஏ வரை உங்கள் பாதை.

இப்போது இந்திராநகரிலோ ஒயிட்ஃபீல்டிலோ உள்ள, தாங்களே பீர் காய்ச்சும் இடங்களில் ஒன்றுக்குப் போங்கள். அங்கே ஊற்றுவது பெரும்பாலும் வடிகட்டாதது, பதப்படுத்தாதது. மணம் பாட்டிலைவிடத் துலக்கமாக இருக்கும். பல இடங்களில் சிறு குவளைகளை ஒரே தட்டில் வைத்துத் தருவார்கள். அதையே முதலில் கேளுங்கள். ‘எது நல்லா இருக்கும்?’ என்று கேட்டால் அதிகம் விற்பதைத்தான் சொல்வார்கள். ‘கிராம்பு மணம் பிடிக்கும், துவர்ப்பு வேண்டாம்; எதைத் தருவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவரின் முகமே மாறும், சரியான குவளையும் வந்து சேரும்.

11. ஒயினுக்கு இதை மாற்றிக்கொள்ள

படிகள் அவையே, மூன்று மாற்றங்கள் மட்டும். அளவு 30 மில்லி, ஏனெனில் ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைப்பதில் கூச்சம் வேண்டாம். வகைகள் நான்கு போதும்: நாசிக் அல்லது நந்தி மலைப் பகுதியின் செனின் பிளாங்க், சாவிக்னான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின்கள், பிறகு ஷிராஸ், கேபர்னே என்ற சிவப்பு ஒயின்கள். சிவப்பு ஒயினின் துவர்ப்பை அளக்க அந்தத் தேயிலைச் சாறே உரைகல்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்ற அறிவுரை குளிர் நாட்டு அறைகளுக்கு உரியது. அதற்குத் தேவை 15 முதல் 18 பாகை. நம் வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலை அப்படியே திறந்தால் ஆல்கஹாலின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும். ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள்.